அவளுக்கென்று ஒதுக்கிய பத்து நிமிடம்

என் இறுதியாண்டுக் கச்சேரி நன்றாகவே நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் ஒத்துழைத்தது, சுருதி விலகவில்லை, கல்யாணி ராகம் நான் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தது. வந்திருந்த உறவுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சங்கீதம் என்றால் கிலோ என்ன விலை என்றுதான் கேட்கத் தெரியும். அவர்களே கைதட்டினார்கள். கச்சேரி சொதப்பியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை எனக்கு வந்திருக்காது. சொதப்பிய நாட்களை எல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன். நன்றாக நடந்த அந்த ஒரு நாளைத்தான் மறக்க முடியவில்லை.

நான் படித்த இசைக் கல்லூரியில் கடைசி வருடத்துக்கு ஒரு விதி இருந்தது. வாய்ப்பாட்டு மாணவர்கள் அவரவர் சொந்த ஊரில் மேடை பிடித்து, ஆள் கூட்டி, சரியாக ஒரு மணி நேரம் கச்சேரி செய்ய வேண்டும். கல்லூரி அனுப்பும் தேர்வாளர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து மார்க் போடுவார். மிருதங்க மாணவர்களுக்குத் தனி மேடை கிடையாது. யாராவது ஒரு பாட்டு மாணவரோடு அவர்கள் சேர்ந்துகொள்ள வேண்டும். அந்த ஒரே மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் மார்க். மிருதங்கத்துக்குரிய மார்க்கில் பாதி, பாட்டுக்குப் பக்கபலமாக வாசிப்பதற்கு. மறுபாதி தனிக்கு. தனி என்றால், பெரிய பாட்டு முடிகிற இடத்தில் பாடுபவரும் வயலின்காரரும் நிறுத்திக்கொண்டு தாளம் மட்டும் போட, மிருதங்கக்காரர் தன் வித்தையை எல்லாம் எடுத்து வைக்கும் நேரம். அதை எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது பாடுபவர் கையில் இருக்கிறது. பாடுகிறவர் நிறுத்தினால்தான் தனி.

என்னோடு சேர்ந்தவள் என் விடுதி அறைத் தோழி. மூன்று வருடமும் ஒரே அறை, ஒரே பக்கெட்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் நின்று திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஊர் அவளுடையது. அப்பா இல்லை. அம்மா மலையில் மரவள்ளி தோண்டுவார். கரும்பு வெட்டுக் காலத்தில் கீழே இறங்கி, எங்கள் கச்சிராயபாளையம் பக்கத்து வயல்களில் கூலிக்கு வெட்டுவார். எங்கள் அப்பாவின் இரண்டு ஏக்கரில்கூட ஒருமுறை வெட்டியிருக்கிறார் என்பது எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரிந்தது. அவள் அதை ஒரு சாதாரண செய்தியாகச் சொன்னாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவள் மிருதங்கத்துக்கு வந்த கதையை அவள் வாயால் கேட்க வேண்டும். "பாட்டுக்குத்தான் எழுதிப் போட்டேன். பாடச் சொன்னாங்க, பாடினேன். கொஞ்ச நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினாங்க. அப்புறம், மிருதங்கத்துல சீட்டு காலியா இருக்குது, சேர்றியாம்மான்னாங்க. சாப்பாடு போடுவாங்களான்னு கேட்டேன். போடுவாங்கன்னாங்க. சேர்ந்துட்டேன்." இப்படிச் சேர்ந்தவள் இரண்டு வருடத்தில் வகுப்பிலிருந்த ஆண் பிள்ளைகளையெல்லாம் ஓரங்கட்டினாள். இதை நான் பொறாமையில்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்போதும் பொறாமை இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கள்ளக்குறிச்சி அப்போது வெறும் தாலுகா ஊர். கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை அப்பா பிடித்துக் கொடுத்தார். காலை பத்து மணிக்குக் கச்சேரி. திருக்கோவிலூரிலிருந்து ஒரு வயலின்காரர் வருவதாக ஏற்பாடு. பத்திரம் எழுதுவது அவர் தொழில், வயலின் அவர் ஆசை. ஒத்திகை பார்ப்பதற்காக விடுமுறையில் என் தோழி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் தங்கினாள்.

வீட்டுக்கு என்று எழுதிவிட்டேன். தங்கியதும் வாசித்ததும் வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில். "வூட்டுக்குள்ள மத்தளம் அடிச்சா பக்கத்து வூட்டுல படிக்கிற புள்ளைங்களுக்கு இடைஞ்சல்" என்று அம்மா காரணம் சொன்னாள். பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளைகள் யாரும் இல்லை. காரணம் எது என்று எனக்கும் அம்மாவுக்கும் அவளுக்கும் தெரியும். நானும் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பெரிய மனுஷத்தனம் காட்டினேன். அந்த வயதில் அதுவே எனக்குப் புரட்சியாக இருந்தது.

கொட்டகையில் ஒரு தொல்லை. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் போட்டது போட்டபடி பாட்டை நிறுத்திவிட வேண்டும். கரண்டு இருக்கும்போதே கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்தாக வேண்டும். மோட்டார் போடுகிற சத்தத்தில் என் கல்யாணி எனக்கே கேட்காது. அவள் மட்டும் விடமாட்டாள். மோட்டாரின் இரைச்சலுக்குள்ளேயே தன் தனியை வாசித்துப் பார்ப்பாள். காதுக்கு எதுவும் வராது, அவளுடைய பத்து விரல்களும் குதிப்பது மட்டும் தெரியும். நான் வரப்பில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

அந்தத் தனிக்காக அவளே ஒரு கோர்வை கட்டியிருந்தாள். கோர்வை என்பது ஒரு கணக்கு. ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்து, தாளம் மறுபடி தொடங்குகிற இடத்தில் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை வாசித்துவிட்டுப் போவார்கள். இவள் இரண்டு மாதம் ரஃப் நோட்டில் எழுதி எழுதி அடித்தாள். சாப்பிடும்போது தட்டில் தட்டுவாள், பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தட்டுவாள். "இன்னாடி இது, பால்காரன் கணக்கா?" என்று கிண்டல் செய்வேன். சரியாக விழுந்துவிட்ட அன்று கொட்டகையின் தகரக் கதவில் வாசித்துக் காட்டினாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தோம். தொடக்கத்துக்கு வர்ணம், இரண்டு சின்னப் பாட்டு, அப்புறம் பெரிய பாட்டாகக் கல்யாணி. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் தனி தொடங்க வேண்டும். தனிக்குப் பத்து நிமிடம். மிச்சத்தில் மங்களம். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாடும்போதுதான் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கல்யாணியில் ச ரி க ம என்று ஸ்வரம் பாட ஆரம்பித்தால் ஒன்றிலிருந்து ஒன்று வந்துகொண்டே இருக்கும், விட மனசு வராது. ஒத்திகையில் நான்கைந்து முறை அவளுடைய பத்து நிமிடத்துக்குள் புகுந்துவிட்டேன்.

"ஏண்டி, நீயே பாடிக்கினு இருந்தா நான் எப்ப வாசிக்கிறது?" என்றாள்.

"நேரம் போறதே தெரியல."

"நான் தெரியவைக்கிறேன்."

அப்படிச் செய்ததுதான் அந்த ஏற்பாடு. நேரம் ஆனதும், தாளம் தொடங்குகிற இடத்தில் இடது கையால் ஒரு நீளமான கும்கி கொடுப்பாள். கும்கி என்றால், மணிக்கட்டை இடப்பக்கத் தோலில் அழுத்தி இழுக்கும்போது வருகிற ஆழமான ஓசை. கேட்கிறவர்களுக்கு அது வாசிப்பின் ஒரு பகுதி போலத்தான் இருக்கும். எனக்கு மட்டும் விஷயம் தெரியும். அதைக் கேட்டதும் இரண்டு சுற்றில் ஸ்வரத்தை முடித்து, பாட்டின் முதல் வரிக்கு வந்து நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒத்திகையில் ஒருநாளும் நான் தப்பவில்லை.

கச்சேரி அன்று அவள் அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். அந்த பஸ்ஸுக்கு வர விடியும் முன்பே நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மஞ்சள் பையில் எங்கள் வீட்டுக்கென்று சாமை அரிசி கொண்டுவந்திருந்தார். மண்டபத்தில் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. அவர் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லி மகள் கையைப் பிடித்து இழுத்ததையும் அவர் மறுத்ததையும் மேடையிலிருந்து பார்த்தேன். நானும் இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கலாம். தம்புராவைச் சரிபார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு இருந்துவிட்டேன்.

தேர்வாளர் வெற்றிலை போடுகிற மனிதர். முகத்தில் ஒன்றும் காட்டாதவர் என்று கல்லூரியில் பெயர் வாங்கியிருந்தார். வர்ணத்துக்கு அசையவில்லை. இரண்டு சின்னப் பாட்டுக்கும் அசையவில்லை. இரண்டாவது வரிசையில் என் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பெண் பிள்ளையைப் பாட்டுப் படிக்க அனுப்பியதற்காக என் அப்பாவோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவர். கல்யாணியை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தேர்வாளர் கண்ணை மூடினார். தலை லேசாக ஆடியது. ஸ்வரத்துக்கு வந்தபோது அவர் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தன. ஓரிடத்தில் வாய்விட்டு "ஆகா" என்றார். பெரியப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்போது கும்கி வந்தது.

இத்தனை வருடமாக நான் எல்லோரிடமும் சொல்லி வந்தது, பாட்டில் மூழ்கிவிட்டேன், காதில் விழவில்லை என்பதுதான். கேட்பவர்களும் உச்சுக்கொட்டிவிட்டு, "கலைஞர்கள்னா அப்படித்தான்" என்று ஏற்றுக்கொள்வார்கள். மூழ்கியெல்லாம் போகவில்லை. கேட்டது. தெளிவாக, நீளமாக, ஒத்திகையில் கேட்ட அதே ஓசை. நான் என்ன நினைத்தேன் என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்னும் இரண்டே நிமிடம், அவளுக்கு எட்டு நிமிடம் போதும் என்று நினைத்தேன். இரண்டாவது கும்கி வந்தபோது ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். மூன்றாவது வந்தபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை, மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தேன். வயலின்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

அவள் நினைத்திருந்தால் வாசிப்பைக் குறைத்து என்னை மாட்டிவிட்டிருக்கலாம். சும்மா ஒப்புக்குத் தட்டியிருந்தாலே என் ஸ்வரம் சோற்றில் உப்பில்லாததுபோல் ஆகியிருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. நான் எங்கே போனாலும் கூடவே வந்தாள். நான் முடித்த ஒவ்வொரு கணக்குக்கும் அடியில் ஒரு தாங்கு கொடுத்தாள். அன்று தேர்வாளர் கேட்டு ரசித்ததில் பாதி அவளுடையது.

ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் முன்வரிசையிலிருந்து சீட்டு வந்தது. ஐந்து நிமிடம் என்று எழுதியிருந்தது. அப்போதும்கூட நிறுத்திவிட்டு அவளுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கலாம். கோர்வையை மட்டுமாவது வாசித்திருப்பாள். எடுத்த கணக்கை அழகாக முடிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. முடித்தேன். அழகாகத்தான் முடித்தேன். மங்களம் பாடுவதற்கு மட்டுமே நேரம் மிச்சம் இருந்தது.

கைதட்டல் அடங்கியதும் தேர்வாளர் மேடைக்கு ஏறி வந்து என் தலையில் கைவைத்தார். பிறகு அவளிடம் திரும்பி, "தனி எங்கம்மா?" என்று கேட்டார்.

"நேரம் ஆயிடுச்சுங்க சார்" என்றாள்.

"மேடையில வாசிச்சதுக்குத்தான் மார்க் போட முடியும். அப்புறமா வாசிச்சுக் காட்டறதுக்கெல்லாம் விதியில இடம் இல்லையே" என்றார். அவருக்கும் வருத்தமாக இருந்தது. மதியம் விழுப்புரத்தில் இன்னொரு மாணவருக்கு மார்க் போடப் போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தார். "சார், தப்பு என்னுது, இவ மூணு தடவ சொன்னா" என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் மார்க்கில் கைவைப்பாரோ என்று பயமாக இருந்தது.

நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். என் தோழி மேடைக்குப் பின்னால் போய் மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ஓசை கனக்க அப்பியிருந்த ரவைப் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் உறவுக்காரர்களிடம் சிக்கிச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் அம்மா கூட்டம் விலகும் வரை தள்ளி நின்றிருந்து, மெல்ல என் பக்கம் வந்தார்.

"நல்லா பாடினம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "பாப்பா, அல்லாரும் கம்முனு இருப்பாங்க, நான் ஒருத்திதான் வாசிப்பேன், அப்ப நீ நல்லா பாருன்னு எம் பொண்ணு சொல்லிச்சு. அது எப்பம்மா? பஸ்ஸுக்குப் போவணும், அதுக்கு முன்னால போயிடக் கூடாதுன்னுதான் நின்னுக்கினு இருக்கேன்."

அவருக்குப் பின்னால் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

"அது நடுவுலேயே வந்துடுச்சுங்கம்மா" என்றேன்.

"வந்துடுச்சா?"

"ஆமாங்கம்மா. நீங்க கவனிக்கல போலிருக்கு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு இன்னா தெரியும் பாப்பா. எது எதுன்னு தெரியாம உட்டுட்டனே" என்றார். "அதுகிட்ட சொல்லாத. பாத்தேன்னே சொல்லிடறேன்." பஸ் கட்டணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நான் செய்ததிலேயே மோசமானது எது என்று யாராவது கேட்டால் கச்சேரியைச் சொல்லமாட்டேன். இதைத்தான் சொல்வேன். ஸ்வரம் பாடியது ஆசையில், தேர்வாளரிடம் வாயை மூடிக்கொண்டது பயத்தில். இந்தப் பொய்க்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. ஒரு சங்கடமான நிமிடத்தைத் தாண்டுவதற்காக அந்த அம்மாவின் தலையில் பழியைப் போட்டேன்.

அம்மாவும் மகளும் அதைப்பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் தோழி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை கொட்டகையில் தன் துணிகளை மடித்துப் பையில் வைக்கும்போது, "கல்யாணி நல்லா வந்துச்சுடி" என்றாள். கல்லூரிக்குத் திரும்பி, எழுத்துத் தேர்வுகளுக்காக இன்னும் ஒரு மாதம் ஒரே அறையில் இருந்தோம். எப்போதும்போல எனக்குத் தலை பின்னிவிட்டாள். நான் முதல் வகுப்பில் தேறினேன். அவள் தேறினாள், அவ்வளவுதான். இசை ஆசிரியர் பயிற்சிக்கு நான் மனு போட்டேன். அவளுக்கு இருந்த மார்க்குக்கு மனு போட முடியவில்லை. அவள் மலைக்குப் போய்விட்டாள். முதலில் இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவதற்கு நான் பதில் எழுதினேனா என்று ஞாபகம் இல்லை. எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஒருநாள் மதியம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தாள். மலையில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் சமையல் வேலையாம். கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அடி, இன்னாடி இப்படி நரைச்சிட்ட!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். பிள்ளைகள், வேலை, முட்டிவலி என்று எல்லாம் பேசினோம். அவள் அம்மாவைப் பற்றி விசாரிக்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

டீ முடிகிற நேரத்தில் நானாகவே ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஆரம்பித்தேன். வாயில் வந்ததோ பழக்கப்பட்ட அதே வார்த்தைகள். "அன்னிக்குக் கச்சேரில எனக்கு நேரம் போனதே தெரியலடி. நீ கும்கி குடுத்ததும் காதுல விழல."

அவள் டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் பேசினாள்.

"வுழுந்துச்சு. நான் கும்கி குடுத்தப்ப, தாளம் போட்டுக்கினு இருந்த ஒன் கை தொடை மேல அப்படியே ஒரு நொடி நின்னுச்சு. அப்புறந்தான் போட்ட. மூணு தடவையும் நின்னுச்சு. மூணு வருசமா ஒன் கையப் பாத்துக்கினுதானே வாசிச்சேன், எனக்குத் தெரியாதா?"

நானும் டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்புறம் ஏண்டி அன்னிக்கே என்னைக் கேக்கல? நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே?"

"கேட்டா நீ இல்லன்னு சொல்லியிருப்ப" என்றாள். "அதுக்கப்புறம் ஒன்கூட எப்படிப் பேசறது? ஒரே ரூம்ல இன்னும் ஒரு மாசம் இருக்கணுமே."

அவள் சொன்னது சரி. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.